புதுப்பிப்பு: போர்முனையிலிருந்து திரும்பியவர்களின் காது பரிசோதனை

முந்தைய பதிவில் ஆடியோகிராமிலிருந்தே (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) தொடங்கச் சொல்லியிருந்தேன். திருத்திக்கொள்ளுங்கள்: முதலில் ஓட்டோஸ்கோப்பால் காதுக்குள் பாருங்கள். குறும்பி அடைத்திருந்தாலோ, குண்டுவெடிப்பில் செவிப்பறை கிழிந்திருந்தாலோ வரைபடம் குழப்பும்.

வெடிச்சத்தச் சேதம் வரைபடத்தில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் (சுருதியின் அளவு) பக்கம் பள்ளமாக விழும். 8000இல் கோடு மறுபடி ஏறும். 3000, 6000 இரண்டையும் அவசரத்தில் சோதிக்காமல் விட்டுவிட்டால் பள்ளமே தெரியாமல் போகலாம். வலது தோளில் ரைஃபிள் வைத்துச் சுட்டவருக்கு இடது காதுதான் அதிகம் கெடும். குழல்முனைப் பக்கம் இருப்பது அது, வலது காதைத் தலையே மறைத்துக்கொள்கிறது.

சோதனைக்கு முந்தைய 14 மணி நேரம் பெருஞ்சத்தம் கூடாது. இல்லாவிட்டால் தற்காலிகச் செவி மந்தம் நிரந்தரமாகப் பதிவாகிவிடும்.

காதிரைச்சலை அவர்களாகச் சொல்லமாட்டார்கள், தயவுசெய்து கேளுங்கள். "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்றால் இரைச்சலுக்கு நடுவே பேச்சுச் சோதனையும் செய்யுங்கள்.