முழங்கால் வலியோடு பேரப்பிள்ளைகளைக் கற்பனை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போவது எப்படி?

கேள்வி: பிள்ளைகளுக்கு 3 வயது, 7 வயது. மரக்கப்பல், கோட்டை, சுரங்கக் குழாய், சறுக்குமரம் எல்லாம் உள்ள திடல். ஓட முடியாத தாத்தா பாட்டி இரண்டு பேர் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில் 1: ஆளுக்கு ஒரு பிள்ளை என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். "நீங்க பாத்துப்பீங்கனு நெனச்சேன்" என்பதில்தான் பிள்ளை தொலையும். சுரங்கக் குழாய்க்கு நுழைகிற பக்கம் நிற்காதீர்கள், வெளியே வரும் பக்கம் நில்லுங்கள்.

பதில் 2: சின்னதை மடியில் வைத்துச் சறுக்கவே வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் பிள்ளையின் ரப்பர் செருப்பு பக்கச்சுவரில் மாட்டிக்கொள்ளும். பெரியவர் எடை கீழே தள்ள, கால் முறுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியலாம். தனியாகச் சறுக்கினால் கால் மாட்டினாலும் பெரும்பாலும் நின்றுவிடும். வெயிலில் சறுக்குமரத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக்கும் சுடும்.

பதில் 3: கழுத்தில் கயிறு, துப்பட்டா, சைக்கிள் ஹெல்மெட் எதுவும் ஏறும்போது கூடாது, மாட்டி இறுக்கும். பிள்ளையைத் தூக்கி மேலே விடாதீர்கள். தானாக ஏறத் தெரியாத இடத்திலிருந்து இறங்கவும் தெரியாது.

பதில் 4: கப்பல் விளையாட்டில் உங்களுக்குத் துறைமுக அதிகாரி வேலை! பெஞ்சில் உட்கார்ந்தே பிள்ளைகள் தரும் இலையைப் பயணச் சீட்டாக வாங்கலாம். கிளம்ப 10 நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.