மேசையில் இருக்கும் வசன அட்டை: எடுப்பதா, விடுவதா?

மாலைநேரம்:
வணக்கம். அலுவலகத்தில் என் மேசையில் ஒரு சின்ன பைபிள் வசன அட்டை பல வருடமாக இருக்கிறது. போன வாரம் மேலாளர் அதை எடுத்துவிடச் சொன்னார். கோபமாக இல்லை, "நமக்கு எதற்குப் பிரச்சினை" என்கிற தோரணையில். பக்கத்து மேசைக்காரர்கள் ஏற்கெனவே "என்ன பாஸ்டர்" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறவர்கள். எடுத்துவிட்டால் ஆண்டவரை மறுதலித்தது போல ஆகுமா? எடுக்காவிட்டால் வெறும் வீம்பா? இரண்டு பக்கமும் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உப்புக்கல்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எடுக்காதீர்கள். மனுஷர் முன்பாகத் தம்மை மறுதலிக்கிறவனைப் பிதாவின் முன்பாகத் தாமும் மறுதலிப்பதாக இயேசு சொன்னது மத்தேயு 10-இல் இருக்கிறது. பைபிளில் வரும் தீர்க்கதரிசி தானியேலைப் பாருங்கள். 30 நாள் ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் பண்ணக்கூடாது, பண்ணினால் சிங்கக் கெபியில், அதாவது சிங்கக் குகையில் போடுவார்கள் என்று கட்டளை. அவர் திறந்த ஜன்னலருகே ஜெபிக்கிறவர். முப்பது நாள்தானே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு மனதுக்குள் ஜெபித்திருக்கலாம். அவர் சாத்தவில்லை. இன்றைக்கு அட்டை, நாளைக்கு ஜெபம், அப்புறம் ஆராதனை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனால் கடைசியில் விடுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது.

கடைசி பெஞ்ச்:
உப்புக்கல் அண்ணா, தானியேல் 6:10-ஐ இன்னொரு தடவை வாசியுங்கள். "முன் செய்துவந்தபடியே" ஜெபித்தார் என்றுதான் இருக்கிறது. கட்டளை வந்ததும் அவர் புதிதாக ஜன்னலைத் திறக்கவில்லை, தெருவில் இறங்கிச் சத்தம் போடவும் இல்லை. வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நம் ஆட்களில் பாதிப் பேர் எதிர்ப்பு வந்த பிறகுதான் ஜன்னலையே திறக்கிறார்கள்!

மத்தேயு 6-இல், மனுஷர் காணவேண்டும் என்று ஜெபிக்காதே, அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு என்றும் இருக்கிறதே. சீரியாவின் படைத்தலைவன் நாகமானை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா கையைப் பிடித்துக்கொண்டு ரிம்மோன் என்கிற வேறு தெய்வத்தின் கோவிலில் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் மன்னிப்பாரா என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் கேட்டார். எலிசா திட்டவில்லை. "சமாதானத்தோடே போ" என்று அனுப்பிவைத்தார்.

உப்புக்கல்:
நாகமான் அப்போதுதான் விசுவாசத்துக்கு வந்தவர். அவருக்குக் கிடைத்த சலுகையைப் பல வருட விசுவாசிக்குக் கேட்கிறீர்களா தம்பி? மத்தேயு ஆறாம் அதிகாரம் புகழுக்காக ஜெபிக்கிறவனுக்குச் சொன்னது. கிண்டல் வாங்குகிறவனுக்கு அதில் என்ன புகழ்?

கடைசி பெஞ்ச்:
கிண்டலிலும் புகழ் உண்டு அண்ணா. "ஆபீஸில் எனக்கு எவ்வளவு உபத்திரவம் தெரியுமா" என்று சபையில் மைக் பிடித்துச் சொல்லும்போது வரும் பாருங்கள், அந்தப் புகழ்.

ஏடுகள்:
இந்தச் சண்டை சபை அளவுக்குப் பழசு. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். எகிப்து மண்ணிலிருந்து அந்தச் சான்றிதழ்கள் சில பாப்பிரஸ் தாளாகவே கிடைத்திருக்கின்றன. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் கண் முன்னால் பானபலி ஊற்றி, படைத்ததைச் சுவைத்தேன் என்கிற மாதிரி வாசகம். சாட்சிக்கு அதிகாரிகள் கையெழுத்து.

சில கிறிஸ்தவர்கள் பலியிடாமலே, காசு கொடுத்து அந்தத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். "நான் எதையும் தொடவில்லையே" என்று வாதாடினார்கள். சபை ஏற்கவில்லை. பலியிட்டவர்களைவிடக் குற்றம் லேசு, ஆனால் குற்றம்தான் என்றது.

அதே சமயத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் தலைமறைவானார். மந்தையை விட்டு ஓடிவிட்டார் என்று பேச்சு வாங்கினார். ஆனால் மறைவிடத்திலிருந்து கடிதம் எழுதியே சபையை நடத்தினார். பின்னால் இன்னொரு உபத்திரவம் வந்தபோது ஓடவில்லை, 258-இல் தலை வெட்டுப்பட்டு இறந்தார். முதல் தடவை ஒளிந்தது கோழைத்தனம் என்று யார் சொல்ல முடியும்? ஒளிந்துகொள்வதும் பொய்த்தாள் வாங்குவதும் ஒன்றல்ல. என்னைக் கேட்டால் கோடு அந்த இடத்தில் விழுகிறது.

உப்புக்கல்:
அக்கா, கடைசியில் நின்றார் என்பதால்தான் சிப்ரியானைப் பற்றி நாம் பேசுகிறோம். கடைசிவரை ஒளிந்தே இருந்தவர்களை யார் நினைக்கிறார்கள்?

ஏடுகள்:
நினைக்கிறோமே. ஜப்பானில் 1614-இல் நாடு முழுக்கத் தடை வந்தது. பிறகு இயேசு, மரியாள் உருவத்தைத் தரையில் வைத்து மிதிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் மன்னிப்பு ஜெபம் சொன்ன குடும்பங்கள் இருந்தன. குருவானவர் ஒருவர்கூட இல்லாமல், தாங்களே பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் தலைமுறை தலைமுறையாக விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள்.

1865-இல் நாகசாகியில் வெளிநாட்டவருக்காகக் கட்டிய புது ஆலயத்துக்கு, இப்படி ஒளிந்து விசுவாசத்தைக் காத்த குடும்பங்களைச் சேர்ந்த உராகாமி ஊர்க்காரர்கள் வந்தார்கள். அங்கிருந்த பிரெஞ்சுக் குருவானவரிடம் ஒரு பெண், எங்கள் மனதும் உங்கள் மனதும் ஒன்றுதான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். வெளியே வந்ததற்கு விலையும் கொடுத்தார்கள். அந்த ஊரில் 3,000 பேருக்கு மேல் பிடித்து நாட்டின் பல மூலைகளுக்கு விரட்டினார்கள். தடை விலகியது 1873-இல்தான். உங்கள் அளவுகோலில் உருவத்தை மிதித்த பாட்டன் மறுதலித்தவன். ஆலய வாசலில் வந்து நின்றது அவனுடைய வம்சம்.

உப்புக்கல்:
இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. ஆனால் ஒன்று. அவர்கள் கழுத்தில் கத்தி இருந்தது. இங்கே இருப்பது ஒரு பட்டப்பெயர். கத்திக்குப் பயந்தவனுக்குக் காட்டும் இரக்கத்தைக் கிண்டலுக்குப் பயந்தவன் கடன் வாங்கக்கூடாது.

நம்பாதவன்:
எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. எதிர்த்தரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதிர்ப்பு என்று சொல்வதில் பாதி, சாப்பிடும் நேரத்தில் கேட்காமலே பிரசங்கம் பண்ணுவதால் வரும் எரிச்சல். அதற்குத் தியாகி பட்டம் வேண்டாமே. இயேசுவின் சீடர் பேதுருவே, கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லத்தானே சொல்லியிருக்கிறார். (வாசித்திருக்கிறேன். வாசிக்காமல் எப்படி மறுப்பது?)

எங்கள் பிரிவில் ஒரு அம்மா இருந்தார். வருடக் கடைசியில் சரக்கு சரிபார்ப்பு. உண்மையில் யாரும் எண்ணவில்லை. போன வருடத் தாளைப் பார்த்து எண்களை நிரப்பிவிட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அவர் தன் பெயருக்கு நேரே "நான் எண்ணவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மொத்தத் தாளும் திரும்பி வந்தது. ஒரு மாதம் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, நானும்தான். பிறகு நானாகப் போய், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். சாட்சி என்றால் எனக்கு அதுதான். அட்டையெல்லாம் அலங்காரம்.

உப்புக்கல்:
நல்லது ஐயா. அவர் விசுவாசி என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

நம்பாதவன்:
சாப்பிடும் முன் கண்ணை மூடுவார். எல்லோருக்கும் தெரியும்.

உப்புக்கல்:
அதையும் மூடி மறைத்திருந்தால்?

நம்பாதவன்:
கறார் பேர்வழி என்று நினைத்து விட்டிருப்பேன். சரி, இந்த இடத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு அந்தத் தாளில் எங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால், அவருடைய கடவுளைப் பற்றி நான் என்ன நினைத்திருப்பேன்?

கடைசி பெஞ்ச்:
மாலைநேரம், அடிப்படையான ஒன்றை யாருமே கேட்கவில்லை. உங்கள் அட்டையை மட்டும் எடுக்கச் சொன்னாரா, எல்லோருடையதையுமா?

மாலைநேரம்:
எல்லோருடையதையும். குடும்பப் படம், விளையாட்டு வீரர் படம், பொம்மை எல்லாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கடைசி பெஞ்ச்:
அப்படியானால் இது உபத்திரவமே இல்லை, மேசை ஒழுங்கு. எடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

உப்புக்கல்:
பொதுவான விதி என்றால் நானும் எடுக்கத்தான் சொல்வேன். இதற்காகவா இத்தனை பேர் ரோமாபுரிவரை போய் வந்தோம்!

மாலைநேரம்:
நேற்றே எடுத்துவிட்டேன். எடுத்ததும் ஒரு நிம்மதி வந்தது, இனிமேல் யாரும் "பாஸ்டர்" என்று கூப்பிட மாட்டார்கள் என்று. விதிக்குக் கீழ்ப்படிந்த நிம்மதி அல்ல அது. அதுதான் உறுத்துகிறது.

ஏடுகள்:
உங்கள் கேள்வியே இதுதான் என்று தோன்றுகிறது. அட்டையை விடுங்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?

மாலைநேரம்:
சிரித்து மழுப்பினேன். ஒரு தடவை, "அது அம்மா வைத்தது, எனக்கு அதிலெல்லாம் அவ்வளவு இல்லை" என்றுகூடச் சொன்னேன்.

உப்புக்கல்:
யாரிடம் சொன்னீர்கள்?

மாலைநேரம்:
பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்தவரிடம். அவர் கிண்டல் செய்யவில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நம்பாதவன்:
அப்படியென்றால் அவர் இன்னும் பக்கத்து மேசையில்தான் இருக்கிறார். அட்டை இல்லாமலும் அவரிடம் பேசலாமே. மதிய இடைவேளையில் மட்டும் வேண்டாம், பாவம், சாப்பிட விடுங்கள்.