வழி பத்திரத்துல இருக்கா?

அண்ணன்: [3 படங்கள்]

அண்ணன்: அரை ஏக்கர். ஓரத்துல ரெண்டு பெரிய மரம், தூரத்துல மலை. விலையும் நம்ம கைக்கு எட்டுது. பாத்துட்டுச் சொல்லுங்க

அண்ணி: நேத்தே வீட்டுக்குப் பேர் வெச்சுட்டார் 😂

அக்கா: ரோட்டுல இருந்து உள்ள எப்படிடா போறது?

அண்ணன்: பக்கத்து நிலத்து வழியா வண்டித்தடம் இருக்குக்கா. விக்கிறவர் காலங்காலமா அதுலதான் போறாராம்

பெரியப்பா: அந்தத் தடம் பத்திரத்துல இருக்கா, அவர் வாயில மட்டும் இருக்கா?

அண்ணன்: கேக்கல பெரியப்பா

பெரியப்பா: மொதல்ல அதைக் கேளு. பக்கத்துக்காரர் நாளைக்கு நிலத்தை வித்துட்டா, வாங்குறவன் வேலி போட்டுருவான். அப்புறம் உன் நிலத்துக்கு நீ பறந்துதான் போகணும். பாதை எங்க ஆரம்பிக்குது, எத்தனை அடி அகலம், வண்டி போகலாமா, எல்லாம் எழுத்துல வரணும். போர் போடுற வண்டி, மண் லாரி நுழைய முடியாத அகலத்துல எழுதி வாங்கிட்டு வந்து நிக்காத

சித்தப்பா: 👍👍

சித்தப்பா: அளக்குறதுக்கு ஆள் எதுக்கு? போன் ஜிபிஎஸ்ல நாலு மூலையும் குறிச்சுட்டா போதுமே

அக்கா: சித்தப்பா, அது திறந்த வெளியிலயே 5 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். மரத்தடியில இன்னும் மோசம். அரை ஏக்கர்னா ஏறக்குறைய 45 மீட்டருக்கு 45 மீட்டர். ஒரு பக்கம் 5 மீட்டர் நகந்தா ஒன்பதுல ஒரு பங்கு போச்சு! சர்வேயர்தான் வரணும். கல்லு நடும்போது பக்கத்துக்காரங்களும் கூட நிக்கணும்

சித்தப்பா: ஓ சரி சரி 🙏

பெரியப்பா: படம் எப்ப எடுத்தது? புல்லு காஞ்சு கிடக்கு

அண்ணன்: நல்ல வெயில் காலத்துல

பெரியப்பா: வெயில்ல எல்லா நிலமும் மேடாத்தான் தெரியும். பெருமழை விட்ட மறுநாள் போய்ப் பாரு. 25 மி.மீ. பெஞ்சா அரை ஏக்கர்ல மட்டும் 50,000 லிட்டர் விழும். மேல் நிலத்துத் தண்ணி தனி. மூணாவது படத்துல இடது ஓரம் கோரை நிக்குது பாரு. ஈரம் தங்காத இடத்துல அது அப்படி அடர்ந்து நிக்காது

அண்ணி: ஐயோ, அங்கதான் வீடுன்னு சொன்னார்!

பெரியப்பா: வேண்டவே வேண்டாம்மா

நான்: மண்ணு எப்படின்னு எப்படிப் பாக்குறது பெரியப்பா?

பெரியப்பா: ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி தண்ணிய ரொப்பு. முழுசா இறங்கினதும் மறுபடி ரொப்பி ஒரு மணி நேரம் பாரு. ஒண்ணுல இருந்து மூணு அங்குலம் இறங்கினா மரத்துக்குத் தோது. அசையாம நின்னா களி, வேர் அழுகும். அப்புறம், கோடைக் கடைசியில கிணத்துல எவ்வளவு தண்ணி நிக்கும்னு சுத்தி இருக்கிறவங்ககிட்ட கேளு. விக்கிறவர்கிட்ட கேக்காத 😄

அண்ணி: சரி, வாங்கிட்டோம்னே வெச்சுக்குவோம். பாத்துக்கிறது யாரு? இவர் மாசம் ஒரு தடவ போவேங்கறார்

அக்கா: அப்ப மரம் வைக்கலாம், காய்கறி வேண்டாம். களைய பூ எடுக்கிறதுக்கு முன்னாடி வெட்டணும், விதை விழுந்துட்டா வருஷக்கணக்கா முளைச்சுக்கிட்டே இருக்கும். அதுக்காக மொத்தத்தையும் சொரண்டி மண்ண வெறுமையா விட்டுடாதீங்க, மழையில அரிச்சுட்டுப் போயிடும். மரக்கன்னைச் சுத்தி மட்டும் காஞ்ச இலை, வைக்கோலால மூணு நாலு அங்குலம் மூடாக்கு, தண்டுல படாம. மத்த இடத்துல புல்லைக் குட்டையா வெட்டி விட்டா போதும்

சித்தப்பா: களைக்கொல்லி அடிச்சா ஒரே நாள்ல முடியுமே

அக்கா: கிணத்தடியிலயா சித்தப்பா?

சித்தப்பா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அண்ணி: 😂😂

பெரியப்பா: போறப்பல்லாம் எல்லைக்கல்லை போட்டோ எடுத்து வை, தேதியோட. ஆள் வராத நிலத்தை இன்னொருத்தன் பல வருஷம் வெளிப்படையா அனுபவிச்சா, அவன் உரிமை கேக்க நிறைய நாட்டுச் சட்டத்துல இடம் இருக்கு

அண்ணன்: அட்வான்ஸ் கேக்குறார் பெரியப்பா. ரெண்டு நாள்ல வேற ஆள் வர்றாங்களாம்

பெரியப்பா: அந்த "வேற ஆள்" எல்லா நிலத்துக்கும் வருவான். பாதை என்னாச்சு?

அண்ணன்: இப்பதான் கேட்டேன். எழுத்து எதுவும் இல்லையாம். பக்கத்துக்காரர்கிட்ட பேசி வாங்கித் தர்றேங்கறார்

பெரியப்பா: தரட்டும். அது பதிவானப்புறம் அட்வான்ஸ். அதுவரைக்கும் ஒத்தப் பைசா கைமாறக் கூடாது

அண்ணன்: சரிங்க பெரியப்பா

சித்தப்பா: மழைக்கு அப்புறம் போறப்ப நானும் வர்றேன்

அக்கா: மண்வெட்டியோட வாங்க சித்தப்பா, குழி வெட்ட ஆள் வேணும்