கிட்னி கொடுத்து, வாங்கி பல வருஷம் ஆனவர்கள் எப்படி இருக்கிறீர்கள்?

வெள்ளவத்தைக்காரி:

ஓப்பரேஷன் எப்படி, செலவு எவ்வளவு என்று கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் வருஷங்களைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். என் கணவருக்கு 2011இல் அவருடைய அக்கா கிட்னி கொடுத்தார். இன்று வரைக்கும் ஓடுகிறது, கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் அது ஏறினால் கிட்னி தளர்கிறது என்று அர்த்தம்) 1.4, 1.5 அப்படித்தான். உயிரோடு இருக்கிறவர் கொடுத்த கிட்னி சராசரியாக 15 முதல் 20 வருஷம் போகும், இறந்தவரிடம் எடுத்தது அதைவிடக் கொஞ்சம் குறைவு என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். சராசரிதானே, சிலருக்கு ஐந்தாம் வருஷமே போய்விடுகிறது, சிலருக்கு முப்பதையும் தாண்டுகிறது.

வீட்டில் எல்லாமே குளிசை நேரத்தைச் சுற்றித்தான். காலை எட்டு, இரவு எட்டு, டக்ரோலிமஸ், வைத்த கிட்னியை உடம்பு எதிர்க்காமல் இருக்கப் போடும் மருந்து. கல்யாண வீடாக இருந்தாலும் செத்த வீடாக இருந்தாலும் எட்டு என்றால் எட்டு. மருந்தின் அளவு பார்க்க இரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும் காலைக் குளிசையைப் போடாமல் போக வேண்டும், போட்டுவிட்டுப் போனால் ரிப்போர்ட்டில் அளவு கூடத்தான் காட்டும். அதனால் என் ஹான்ட்பேக்கில் ஒரு குளிசை அட்டையும் தண்ணீர்ப் போத்தலும் எப்போதும் கிடக்கும். இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே வெளியே வந்து, வாங்கில் இருந்து விழுங்கிவிட்டுத்தான் மற்றக் கதை. இடையில் சீனி வருத்தமும் வந்தது, ஸ்டீரொயிட்டும் டக்ரோலிமஸும் சேர்ந்தால் பலருக்கு வருமாம். கிறேப்ஃபுருட், ஜம்போலா இரண்டும் வீட்டுக்குள் வராது, மருந்தை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

சரி, நான் எழுத வந்தது மச்சாளைப் பற்றி. இவருக்கு கிளினிக் கொப்பி மூன்றாவதோ நான்காவதோ ஓடுகிறது, கொடுத்த மனுசிக்கு ஒரு கொப்பிகூட இல்லை. ஆரம்பத்தில் கொஞ்ச நாள் வரச் சொன்னார்கள், போனார், பிறகு அப்படியே விட்டாயிற்று. சொந்தக்காரர்கள் அவரைக் கண்டால் கேட்பது "தம்பி எப்படி?" என்று மட்டும்தான். போன மாதம் பார்க்கிறேன், முழங்கால் வலிக்கு பாமசியில் டைக்ளோபினாக் வாங்கி நாட்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார். கொடுத்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள், நீங்கள் என்னென்ன பார்க்கிறீர்கள்?

ஒற்றைக்கிட்னி, கொட்டாஞ்சேனை:

அக்கா, அந்த டைக்ளோபினாக்கை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், அந்த வகை வலிக் குளிசை கிட்னிக்குக் கூடாது. வலிக்குப் பனடோல் போதும், அதற்கும் அடங்காவிட்டால் டொக்டரிடம் போகட்டும். நான் தம்பிக்குக் கொடுத்தவன். வருஷத்துக்கு ஒருமுறை பிரஷர், கிரியேட்டினின், யூரினில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று, இந்த மூன்றையும் பார்த்துக்கொள்வேன். யாரும் கூப்பிடமாட்டார்கள், நாமேதான் போக வேண்டும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் பயப்படவும் கூடாது. ஒன்றைக் கொடுத்த பிறகு மிச்சக் கிட்னி கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் 60, 70 சதவீதத்தைத் தனியாகச் செய்யும். அதனால் லேப் தாளில் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண் (eGFR) நமக்கு எப்போதும் கொஞ்சம் கீழேதான் இருக்கும். வேலைக்கான மெடிக்கலுக்குப் போனபோது ஒரு டொக்டர் அந்தத் தாளைப் பார்த்து முகம் மாறி, உங்களுக்குக் கிட்னி வருத்தம் என்று தொடங்கிவிட்டார். ஷேர்ட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். பிறகு அரை மணித்தியாலம் தம்பியின் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள்.

எனக்குப் பிடிக்காதது, "கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது" என்று எடுத்த எடுப்பில் சொல்வது. அமெரிக்காவில் 2014இல் வந்த ஆய்வின்படி, கொடுத்தவர்களில் வாழ்நாளில் கிட்னி முழுதாகச் செயலிழக்கும் வாய்ப்பு 10,000 பேருக்கு 90. அதே அளவு சுகதேகியாக இருந்தும் கொடுக்காதவர்களில் 14. பொதுமக்களை எடுத்தால் 326. கூடுகிறது, ஆனாலும் ஒரு சதவீதத்துக்குக் கீழே. இதைச் சொல்லிவிட்டுக் கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருப்பேன், சொல்லாமல் விடுவதில்தான் எனக்குக் கோபம். 1954இல் பொஸ்டனில் முதன்முதலாக இரட்டைச் சகோதரனுக்குக் கொடுத்த ரொனால்ட் ஹெரிக் 2010 வரைக்கும், 79 வயது வரைக்கும் இருந்தார். வாங்கியவர் எட்டு வருஷம் இருந்தார், தன்னைப் பராமரித்த தாதியையே கல்யாணமும் செய்தார்.

தெமட்டகொடை அம்மா:

நான் மகனுக்குக் கொடுத்தேன். அப்போது அவன் ஸ்கூல் பிள்ளை. உயர்தரம் எழுதினான், கிரிக்கெட்டும் விளையாடினான், நாங்கள் வருத்தத்தையே மறந்திருந்தோம். பிறகு இரவு ஷிஃப்ட் வேலை, நண்பர்களோடு தனி ரூம். பகலில் நித்திரை, இரவில் வேலை, இதில் காலைக் குளிசை எது இரவுக் குளிசை எது? விட்டால்கூட அன்றைக்கு உடம்புக்கு ஒன்றும் செய்யாது, அங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். "நல்லாத்தானே இருக்கிறன் அம்மா" என்பான். வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, கிரியேட்டினின் மட்டும் 1.3, 1.7, 2.2 என்று ஏறிக்கொண்டே போனது. பயொப்சி, அதாவது கிட்னியில் ஊசியால் ஒரு துளி சதை எடுத்துப் பார்த்தால், என் கிட்னிக்கு எதிராக அவன் உடம்பில் அன்டிபொடி (அந்நியமானதைத் தாக்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) உண்டாகி மெல்ல மெல்ல அரித்துவிட்டிருக்கிறது. அந்தக் கட்டத்தில் பெரிதாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்றார்கள்.

இப்போது திரும்ப டயலிசிஸ். அந்த அன்டிபொடியால் இரண்டாவது கிட்னி பொருந்துவதும் கஷ்டமாகிவிட்டது, அவன் தங்கச்சியின் இரத்தத்தோடு கலந்து பார்த்த டெஸ்டே சரிவரவில்லை. "உங்கட கிட்னி வீணாப் போச்சே" என்று வீட்டுக்கு வந்து சொல்பவர்களுக்கு நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன். அவனிடம் இதைப் பற்றி யாரும் கதைக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். இப்படி வளர்ந்த பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் ஃபோனில் அலாரம் வையுங்கள், இன்னொருவருடைய ஃபோனிலும் சேர்த்து வையுங்கள்.

பம்பலப்பிட்டி:

எங்களுடையது மனைவி கொடுத்தது. இரத்தச் சொந்தம் இல்லையே, தாங்குமா என்று ஊரே கேட்டது. 1995இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்விலேயே இதற்குப் பதில் வந்துவிட்டது. கணவன் மனைவிக்குள் கொடுத்த கிட்னிகளில் 85 சதவீதம் மூன்று வருஷம் கழித்தும் வேலை செய்தன, பெற்றோர் கொடுத்ததில் 82, இறந்தவர்களுடையதில் 70. பொருத்தம் குறைவாக இருந்தும் அப்படி. சுகமாக இருக்கும் உடம்பிலிருந்து எடுத்து உடனே வைப்பதுதான் காரணம் என்கிறார்கள். எனக்கு இதுவரை வந்த ஒரே பெரிய பயம் 2022 மருந்துத் தட்டுப்பாடு. கிடைத்த பிராண்டைப் போட்டோம், அளவு இறங்கிவிட்டது. பிராண்ட் மாறினால் உடனே இரத்தம் கொடுத்து அளவைப் பாருங்கள், அடுத்த கிளினிக் தேதி வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

மட்டக்குளி தங்கை:

எல்லாவற்றையும் வாசித்தேன். அண்ணாவுக்கு டயலிசிஸ் போகிறது, நான் கொடுக்க ரெடி. எனக்கு 27, கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்கு அண்ணாவும் வேண்டும் நானும் வேண்டும், பாவம், ஒரு பக்கமும் கதைக்க முடியாமல் அழுகிறார். பிறகு பிள்ளை பெறலாமா?

ஒற்றைக்கிட்னி, கொட்டாஞ்சேனை:

பெறலாம் தங்கச்சி, அநேகம் பேர் சுகமாகப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறும் வாய்ப்பு கூடும். கனடாவில் 2015இல் வந்த ஆய்வில் கொடுத்தவர்களுக்கு 11 சதவீதம், கொடுக்காதவர்களுக்கு 5. அதனால் பார்க்கிற டொக்டரிடம் முதல் நாளே கிட்னி ஒன்றுதான் என்று சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, டெஸ்ட் எல்லாம் முடிந்த பிறகும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். வீட்டாரிடம் "பொருந்தவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள் என்று டொக்டரிடம் தனியாகக் கேட்கலாம். அண்ணாவுக்கு எதனால் கிட்னி போனது?

மட்டக்குளி தங்கை:

சீனியால்.

ஒற்றைக்கிட்னி, கொட்டாஞ்சேனை:

அப்படியென்றால் உங்களுடைய சீனியைத்தான் முதலில் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் ஒருமுறை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்து ஒருமுறை. அதில் கொஞ்சம் கூடக் காட்டினாலும் உங்கள் வயதுக்கு அவர்களே வேண்டாம் என்று சொல்லக்கூடும். அந்த ரிப்போர்ட் வரும்வரைக்கும் அம்மாவிடம் எதையும் முடிவாகச் சொல்லாதீர்கள்.