மடக்கு சேர், லேசா வேணும். எது வாங்கலாம்? (அவசரம்)

ஜன்னலோரம் · வியாழன் இரவு 10.42

வணக்கம். கேம்பிங் போறோம், அப்புறம் ஹைக்கிங்கும் பண்ணுவோம். லேசா, பைக்குள்ள அடங்குற மாதிரி மடக்கு சேர் ரெண்டு வேணும். ஆன்லைன்ல எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும். எது உருப்படி? நாளைக்கு ஆர்டர் போட்டாத்தான் வந்து சேரும்.

பொதிமாடு · 10.51

யார் உட்காரப் போறாங்க, அவங்க எடை என்ன? எந்த இடம், புல்லா மணலா பாறையா? தோள்ல எத்தனை கிலோமீட்டர் சுமக்கணும்? பட்ஜெட் எவ்வளவு? இது தெரியாம யார் என்ன சொன்னாலும் குருடன் யானையைத் தடவின கதைதான்.

கனமில்லாப்பை · 10.58

சேரே வேண்டாம். தெர்மரெஸ்ட் கம்பெனியில இஸட் சீட்னு ஒரு மடிக்கிற ஃபோம் பாய் இருக்கு, 60 கிராம். மடிச்சா உள்ளங்கை அகலம். ஈரத் தரை, குளிர்ந்த பாறை ரெண்டுக்கும் ஆகும். முதுகுக்கு ஒரு மரமோ பையோ போதும். ஒரு கிலோ சேரைத் தூக்குறதுக்குப் பதிலா ஒரு லிட்டர் தண்ணி தூக்கலாம்.

உச்சிக்காகம் · 11.10

இந்தக் கேள்வி இங்க மாசத்துக்கு மூணு தடவை வருது. மேல தேடுற பெட்டின்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல நாலு எழுத்து தட்டினா போதும். பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்றேன்.

மலையேறுறவன் கிராம்ல யோசிப்பான். ஹெலினாக்ஸ் சேர் ஸீரோ: 490 கிராம், 120 கிலோ தாங்கும். அதே கம்பெனியோட சேர் ஒன்: ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 145 கிலோ தாங்கும். கொரியாவுல டென்ட் கம்பி செய்யுற டிஏசி ஆளுங்க ஆரம்பிச்ச கம்பெனி. மத்ததெல்லாம் அதைப் பார்த்து வரைஞ்சது. விலை கூடத்தான். தரம் வேணாம்னா பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிக்கலாம்.

நட்டும்_போல்ட்டும் · 11.34

காகம் சொன்ன எண் சரி. ஆனா அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு யாரும் சொல்றதில்லை. 120 கிலோன்னா மெதுவா ஏத்தி வச்ச எடை. நாம அப்படியா உட்கார்றோம்? நடந்து களைச்சுப்போய்த் தொப்புன்னு விழுறோம். எடை திடீர்னு ஏறினாலே கம்பி மேல வர்ற விசை கணக்குப்படி ரெண்டு மடங்கு. கொஞ்சம் உயரத்துல இருந்து விழுந்தா அதுக்கும் மேல. முழு ரெண்டு மடங்கு பார்க்காட்டியும், குறைஞ்சது உங்க எடையை 1.3 ஆல பெருக்குங்க, வர்ற எண்ணுக்குக் கீழ எதையும் வாங்காதீங்க.

இந்த வகை சேர் உடையுறது மூணு இடத்துல:

1. நடு ஹப். கம்பியெல்லாம் வந்து சேர்ற பிளாஸ்டிக் கட்டை. கம்பி நுழையுற ஓட்டையைச் சுத்தி மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு தெரிஞ்சா பிளாஸ்டிக் இழுபட ஆரம்பிச்சாச்சு. அடுத்த தடவையோ அதுக்கடுத்த தடவையோ போயிடும்.

2. துணியோட நாலு மூலைப் பாக்கெட். கம்பி முனை உள்ள இருந்து குத்திக் குத்திக் கிழிச்சிடும். வாங்கினவுடனே பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க: ரெண்டு மடிப்புத் துணியும், நெருக்கமா முன்னும் பின்னும் போன தையலும் இருக்கணும். இல்லேன்னா பழைய சைக்கிள் டியூப்ல ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி, கம்பி முனையில மாட்டிவிடுங்க. செலவு பூஜ்யம்.

3. கம்பி இணைப்பு. உள்ள எலாஸ்டிக் இருக்கறதால தானா சேர்ந்துடுச்சுன்னு நம்பிடுவோம். அஞ்சு மில்லிமீட்டர் வெளிய நின்னாலும் உட்கார்ந்ததும் குழாய் வாய் பிளந்துக்கும். ஒவ்வொரு இணைப்பையும் விரலால தடவிப் பார்த்துட்டு உட்காருங்க. எலாஸ்டிக் தளர்ந்து போனா முடிச்சை அவிழ்த்து, நாலஞ்சு சென்டிமீட்டர் வெட்டி எடுத்துட்டுத் திரும்பக் கட்டலாம்.

குறிஞ்சிக்காடு · 11.47

மேடு பள்ளத்துக்கு மூணு கால் ஸ்டூல்தான் சரி. நாலு கால்னா ஒண்ணு எப்பவும் அந்தரத்துல ஆடும். மூணு கால் எந்தத் தரையிலயும் ஆடாது. நம்ம ஊர்ல பால் கறக்குறவங்க எதுல உட்கார்ந்தாங்க?

உச்சிக்காகம் · 11.52

கேட்டது சேர், அதாவது நாற்காலி. மூணு கால் இருந்தா அது முக்காலி. பேர்லயே இருக்கு. சாய முதுகு கிடையாது, துணி முக்கோணம் தொடையை அறுக்கும். இருபது நிமிஷத்துக்கு மேல எவனும் உட்கார மாட்டான்.

பால் கறக்குறவங்க குத்தவச்சு உட்காருவாங்க. முக்காலி எல்லாம் வெள்ளைக்காரன் படத்துல.

குறிஞ்சிக்காடு · 11.55

ஆடுமா ஆடாதான்னு சொன்னேன். அதுக்குப் பதில் இல்லை, இலக்கணப் பாடம் மட்டும் வருது.

நட்டும்_போல்ட்டும் · வெள்ளி காலை 6.20

ரெண்டு பேர் சொல்றதும் பாதிப் பாதி. மூணு கால் ஆடாது, சரி. ஆனா சீக்கிரம் கவிழும். நடுவுல இருந்து கால் நுனி வரைக்கும் 25 செ.மீ.னு வைங்க. நாலு கால்ல நடுவுல இருந்து விளிம்புக்கோடு, அதாவது பக்கத்துப் பக்கத்துக் கால் நுனி ரெண்டையும் சேர்க்குற கோடு, சுமார் 17.5 செ.மீ. தள்ளி இருக்கும். மூணு கால்ல 12.5 தான். உடம்போட எடை அந்தக் கோட்டைத் தாண்டினா ஆள் தரையில. ஷூ கயிறு கட்டப் பக்கவாட்டுல குனியுறப்பதான் இது நடக்கும். ஒரு கால் முன்னாடி உங்க ரெண்டு காலுக்கு நடுவுல வர்ற மாதிரி வச்சா கொஞ்சம் தேவலை.

தவிர, இந்த ஹப் சேர்ல கம்பி கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். அதனால நாலு கால் இருந்தும் மரச் சேர் மாதிரி தடதடன்னு ஆடாது.

குறிஞ்சிக்காடு · 6.41

ஆக மூணு கால் ஆடாது. நன்றி.

ஜன்னலோரம் · 9.05

ஆபீஸ் போற அவசரம், சுருக்கமா சொல்றேன். நான் 91 கிலோ. இன்னொண்ணு அம்மாவுக்கு. கொழுக்குமலை. சூரியநெல்லியில இருந்து ஜீப் டென்ட் வரைக்கும் போகுமாம். ரெண்டும் சேர்த்து ஆறாயிரம்.

பொதிமாடு · 9.09

ஜீப் போகுதா!! ராத்திரி பூரா இங்க கிராம் கணக்குப் பார்த்துட்டிருக்கோம்.

அம்மாவுக்கு முட்டி வலி உண்டா?

ஜன்னலோரம் · 9.11

ஆமா. எப்படித் தெரியும்?

பொதிமாடு · 9.30

தெரியாது, அதான் கேட்டேன். அப்ப மேல சொன்னது எதுவும் அம்மாவுக்கு ஆகாது. லேசான சேர் எல்லாம் தரையை ஒட்டி இருக்கும், சேர் ஸீரோ உட்கார்ற உயரம் சுமார் 28 செ.மீ. வீட்டு பிளாஸ்டிக் சேர் 43 பக்கம் வரும். முட்டியை விட இடுப்பு கீழ போயிட்டா, எழுந்திருக்கறப்ப பாரம் முழுக்க முட்டியிலதான் இறங்கும். ரெண்டு பேர் கை கொடுத்துத் தூக்கணும்.

அம்மாவுக்குப் பார்க்க வேண்டியது மூணுதான்: உட்கார்ற உயரம் 43-ல இருந்து 46, ரெண்டு பக்கமும் கெட்டியான கைப்பிடி, தொய்யாத இருக்கை. துணிக் கைப்பிடி வேண்டாம், அழுத்தினா அமுங்கிடும், ஊன்றி எழ முடியாது. டைரக்டர் சேர்னு போட்டுத் தேடுங்க. மூணு நாலு கிலோ இருக்கும், ஜீப்புக்கு என்ன பாரம்? வந்ததும் வீட்டுலயே செருப்பு போட்டுக்கிட்டு, யாரும் பிடிக்காம ரெண்டு தடவை உட்கார்ந்து எழச் சொல்லுங்க. திணறினா திருப்பி அனுப்பிடுங்க.

உங்களுக்கு 91 × 1.3 = 118. 120 ஒட்டி நிக்குது. 145, 150 கிலோ போட்டதா எடுங்க.

நட்டும்_போல்ட்டும் · 9.48

ஒரு எச்சரிக்கை. ரெண்டாயிரம் ரூபாய்ச் சேர்ல 150 கிலோன்னு யார் வேணாலும் அச்சடிக்கலாம். கம்பி 7075 அலுமினியமான்னு (அது கெட்டியான கலவை) பாருங்க, அலுமினியம்னு மட்டும் போட்டிருந்தா நம்பாதீங்க. வாங்கினவங்க போட்ட படத்துல உடைஞ்ச ஹப் படம் இருக்கான்னு தேடுங்க. ஐந்து நட்சத்திரத்தைப் படிக்காதீங்க, ஒத்தை நட்சத்திரத்தைப் படிங்க.

மலைப் புல் காலையில பனியில ஊறியிருக்கும், கால் புதையும். சேர்க்கால் ரப்பர் ஒண்ணு சுமார் 5 சதுர செ.மீ., நாலும் சேர்த்து 20. அதுல 91 கிலோன்னா சதுர சென்டிமீட்டருக்கு நாலரை கிலோ. சாய்ஞ்சு உட்கார்ந்தா பெரும்பங்கு பின்கால் ரெண்டுல. 60-க்கு 12 செ.மீ. பிளைவுட் பட்டை ஒண்ணைப் பின்கால் ரெண்டுக்கும் அடியில குறுக்கா போடுங்க. நாலு காலையும் மாட்டுற தரைத்துணியும் விக்குது, சில சேருக்கு மட்டும்தான் பொருந்தும்.

கனமில்லாப்பை · 10.15

ஜீப்புக்குச் சரி. ஹைக்கிங்குன்னு சொன்னாரே? அரசோட ட்ரெக் தமிழ்நாடு திட்டத்து வழியெல்லாம் பெரும்பாலும் பகல்லயே போய்த் திரும்புறது. அதுக்கு எதுக்கு சேர்? 60 கிராம் போதும்.

உச்சிக்காகம் · 10.22

காட்டுக்குள்ள இஷ்டத்துக்கு டென்ட் போடலாம்னு யாராவது கிளம்பிடப் போறாங்க, அதையும் சொல்லிடுங்க. குரங்கணி தீ 2018 மார்ச். அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதி வந்தாச்சு, வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்க முடியாது.

குறிஞ்சிக்காடு · 10.26

சேர் கேட்டவருக்குச் சட்டம். மூணு கால் மேட்டருக்கு இன்னும் பதில் வரலை.

பொதிமாடு · 10.40

ஜன்னலோரம், கடைசியா. சேரைச் சரிவுல போடுறப்ப பள்ளத்தைப் பார்த்து உட்காருங்க. மேட்டைப் பார்த்து உட்கார்ந்தா பாரம் பின்னால போய் மல்லாக்கக் கவிழ்த்துடும். அம்மா சேருக்குச் சரிவே வேண்டாம், சமதரை. எழுந்து போறப்ப சேரை மடக்குங்க, இல்லேன்னா பையைத் தூக்கி மேல வைங்க. கொழுக்குமலைக் காத்துக்கு ஒரு கிலோ சேர் எல்லாம் பட்டம் மாதிரி. நெருப்பு மூட்டினா ரெண்டு மீட்டராவது தள்ளிப் போடுங்க, ஒரு பொறி பட்டாலே பாலியஸ்டர்ல ஓட்டை.

மாட்டுறப்ப நாலாவது மூலைதான் மல்லுக்கு நிக்கும். புதுத் துணி இறுக்கமா இருக்கும். கம்பியை உள்பக்கமா வளைச்சுப் பாக்கெட்டை மேல இழுங்க, கம்பிக்கும் துணிக்கும் நடுவுல விரல் வேண்டாம்.

ஜன்னலோரம் · ஞாயிறு மதியம் 1.17

ரெண்டும் ஆர்டர் போட்டாச்சு. அம்மாவுக்கு டைரக்டர் சேர், 45 செ.மீ. எனக்கு ஹப் சேர், 150, 7075 போட்டிருக்கு. தேங்க்ஸ் எல்லாருக்கும்.

நட்டும்_போல்ட்டும் · 1.40

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துட்டு ஒரு வரி போடுங்க.

ஜன்னலோரம் · பதினாறு நாள் கழித்து

போயிட்டு வந்தாச்சு. அம்மா சேர் சூப்பர். என்னோடது புதைஞ்சுது, பட்டை எடுத்துட்டுப் போக மறந்துட்டேன். சப்பாத்திக் கட்டையை வச்சு சமாளிச்சோம்.

நட்டும்_போல்ட்டும் · அன்றே

உருட்டுற கட்டையா, தேய்க்கிற பலகையா? பாக்கெட் தையல் எப்படி இருக்கு?

குறிஞ்சிக்காடு · மறுநாள்

மூணு காலா இருந்தா ஒரு பலகையே போதும்.

உச்சிக்காகம் · மறுநாள்

மூணு கால்ல அதே எடை மூணுக்குத்தான் பிரியும். இன்னும் ஆழமா புதையும்.