பஸ்டர் கீட்டன் மேல் சுவர் விழும் காட்சி: நிஜமா, டிரிக்கா?

ரீல்பெட்டி: 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் வீட்டின் முன்சுவர் அப்படியே மௌனப்பட நகைச்சுவை நடிகர் கீட்டன் மேல் சாய்கிறது, மனுஷன் அசையவே இல்லை. எப்படி எடுத்தார்கள்? பேசும்படம் வந்ததும் இவர் காணாமல் போனது ஏன்?

மௌனராகவன்: நிஜச் சுவர்தான், சுமார் 2 டன். அடியில் கீல். மாடி ஜன்னல் திறந்திருக்கும். அது வந்து விழும் இடத்தை அளந்து தரையில் அடையாளம் வைத்து அங்கே நிற்க வைத்தார்கள். தோளுக்கு இருபுறமும் சில அங்குலம்தான் இடைவெளி. லேசான தட்டியாக இருந்தால் புயலுக்காக ஓடிய காற்று இயந்திரங்களில் முறுக்கிக்கொண்டு தடம் மாறும், அதனால்தான் அத்தனை கனம். ஒரே டேக்.

செல்லுலாய்டு: குரல் மேல் பழி போடாதீங்க, அவர் நடித்த பேசும்படங்களும் வசூலித்தன. 1926-ல் 'தி ஜெனரல்' கையைக் கடித்தது. அதில் ஓரிகானில் நிஜ ரயில் எஞ்சினையே பாலத்திலிருந்து ஆற்றில் விழ வைத்தார்! 1928-ல் எம்ஜிஎம் ஸ்டுடியோவுடன் ஒப்பந்தம். தொடக்கமும் முடிவும் மட்டும் வைத்துக்கொண்டு களத்தில் நகைச்சுவையைக் கண்டுபிடிப்பவரிடம், முழுத் திரைக்கதையை நீட்டினார்கள். குடியும் சேர்ந்தது. 1933-ல் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மௌனராகவன்: காணாமலும் போகவில்லை. பிறகு அதே எம்ஜிஎம்மில் நகைச்சுவை எழுதினார், 1952-ல் சாப்ளினுடன் 'லைம்லைட்', 1960-ல் கௌரவ ஆஸ்கர்.