வேற்றுலகத்தாருக்கு நம்மிடம் என்ன வேலை? இரண்டு அனுபவங்கள்

மட்டக்களப்பு மாவட்டம், பாசிக்குடாவிலிருந்து:

சென்ற ஆண்டு ஓர் அதிகாலையில், கரைவலை இழுப்பவர்களோடு நின்றிருந்தபோது, மணி கோத்ததுபோல் ஒளிப்புள்ளிகள் சத்தமேயின்றிக் கடலுக்கு மேலே வரிசையாக நகர்ந்து செல்வதைக் கண்டேன். அவை புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் எனக்குப் பயம் வரவில்லை. வேற்றுலகத்தார் இவ்வளவு தூரம் வந்து நம்மிடம் எதைப் பார்க்கப் போகிறார்கள் என்றே யோசித்தேன். உங்களுக்கும் இப்படித் தோன்றியதுண்டா?

கல்லடியிலிருந்து:

நான் எதையும் கண்டதில்லை, கேட்டிருக்கிறேன். சிறுவயதில் ஒரு பூரணை இரவில் மாமா என்னைத் தோணியில் மட்டக்களப்பு வாவியிலுள்ள கல்லடிப் பாலத்தருகே கூட்டிச்சென்று, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு, மறுமுனையில் என் காதை வைக்கச் சொன்னார். தந்தியை மீட்டிவிட்டு விட்டதுபோல் மெல்லிய ஒலியொன்று வந்துகொண்டேயிருந்தது. பாடுவது மீனா, ஊரி எனும் ஓட்டு நத்தையா என்ற வாதம் எங்கள் ஊரில் இன்னும் ஓயவில்லை. எதுவாயினும் அது எங்களுக்காகப் பாடவில்லை. நாங்களும் அதனோடு பேச நினைக்கவில்லை. ஆனாலும் நெடுநேரம் அங்கேயே இருந்தோம்.

வேற்றுலகத்தாருக்கு அக்கறை இருந்தால் அது இவ்வகையானதாகவே இருக்கும் என்பது என் எண்ணம். அவர்கள் வேண்டுமென்றே விலகி நின்று நம்மை ஒரு மிருகக்காட்சிசாலையைப்போலப் பார்க்கக்கூடும் என்று 1973இல் ஜோன் போல் என்ற வானியலாளர் எழுதினார். விலகி நிற்பார்கள் என்பதை ஏற்கிறேன். கூண்டின் முக்கிய மிருகம் நாம்தான் என்று எண்ணிக்கொள்வதுதான் எனக்கு ஒவ்வவில்லை. நமது வானொலி அலைகள் புறப்பட்டு நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலேதான் ஆவதால், அவை இன்னும் நூறு ஒளியாண்டுகளுக்குச் சற்று மேலான தொலைவையே எட்டியிருக்கின்றன. பூமியின் காற்றில் ஒட்சிசனோ 200 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது; வெகுதொலைவிலிருந்து ஒளியைப் பகுத்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே உயிர் உண்டென்று சந்தேகிக்க அதுவே போதும். ஆகவே அவர்கள் கவனிப்பது வாவியைத்தான், அதில் நேற்று இறங்கிய தோணியை அல்ல.

நாமாகவே கூப்பிட்டதும் உண்டு. 1977இல் வொயேஜர் விண்கலங்களில் அனுப்பிய, தங்கமுலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வணக்கம் பதிவாகியிருக்கிறது. சிங்களம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. இதை மாமாவிடம் சொன்னேன். "அப்ப வந்தாலும் நம்மளோட கதைக்க மாட்டாங்கள், மருமகன்" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தார்.